சோகப் பாட்டுக்கு ஒரு துணை வேண்டும்

மனம் சோர்ந்து கிடக்கிறவர் பழைய பாட்டு கேட்கலாமா, கூடாதா? எங்கள் புதுச்சேரியில் யாரிடம் கேட்டாலும் உடனே பதில் வரும். "அதெல்லாம் போட்டுக் கேக்காத, இன்னும் அழுகதான் வரும்" என்பார் வீட்டுப் பெரியவர். "நல்லா கேளு, அழுது தீத்துடு, மனசு லேசாயிடும்" என்பார் நண்பர். மருந்துச் சீட்டோடு நாட்களைத் தள்ளிய காலத்தில் இரண்டு அறிவுரையும் எனக்குக் கிடைத்தன. இரண்டிலும் பாதி உண்மை இருந்தது.

எனக்கு மனச்சோர்வு வந்தது அம்மா போன பிறகு. முத்தியால்பேட்டை வீட்டில் எங்களுக்கு விடிந்ததே இலங்கை வானொலியில்தான். 'பொங்கும் பூம்புனல்' முடிவதற்குள் இட்லி வெந்து இறங்கியிருக்கும். அந்தப் பாட்டுகள் எல்லாம் இன்று கைபேசியில் கிடைக்கின்றன. வீடு தூங்கிய பிறகு இயர்போனை மாட்டிக்கொண்டு படுப்பேன். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக வரும், அதே காலத்துப் பாட்டாக, அதே குரலில். அடுப்படி வாசனைகூட வந்துவிடும். அம்மா மட்டும் வரமாட்டாள். விடிந்து எழுந்தால் உடம்பு முந்தைய நாளைவிடக் கனக்கும்.

பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? 1688இல் பாசல் நகரத்து மருத்துவ மாணவர் யோகான்னஸ் ஹோஃபர், ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே விவரித்து ஆய்வேடு எழுதினார். பிற்காலத்தில் சிந்தனையாளர் ரூசோ தம் இசை அகராதியில் சுவிஸ் கூலிப்படை வீரர்களைப் பற்றிச் சொல்கிறார். மலையில் மாடு மேய்ப்பவர்கள் இசைக்கும் மெட்டு ஒன்று காதில் விழுந்தால் போதுமாம். அந்த வீரர்கள் அழுவார்கள், படையை விட்டு ஓடுவார்கள், ஏக்கத்தில் செத்தும் போவார்கள். அதனால் படையில் அதை இசைப்பவருக்கு மரண தண்டனை என்றே தடை இருந்ததாம். ரூசோ அதோடு நிறுத்தவில்லை. அந்த மெட்டை எவ்வளவு ஆராய்ந்தாலும் அழவைக்கும் சக்தி அதற்குள் அகப்படாது, வெளியூர்க்காரர் கேட்டால் ஒன்றும் ஆகாது என்கிறார். வீரனை அழவைப்பது அவனுடைய இளமையும் ஊரும் வாழ்ந்த வாழ்வும்தான். மெட்டு அவற்றை நினைவூட்டும் அடையாளம் மட்டுமே.

முகாரியையும் சிவரஞ்சனியையும் சோக ராகங்கள் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். என்னை அதிகம் உலுக்கியதோ துள்ளலான ஒரு கல்யாணப் பாட்டு. ராகம் பார்த்து ஒதுங்கித் தப்பிக்க வழியில்லை.

மனச்சோர்வு உள்ளவர்கள் சோகப் பாட்டைத் தேடிப்போவதை முட்டாள்தனம் என்றும் சொல்ல முடியாது. 2015இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், மனச்சோர்வு இல்லாதவர்களைவிட உள்ளவர்களே சோக இசையை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் சோகத்தையே விரும்புகிறார்களா என்ற கேள்வி எழுந்தது. பிறகு தென் புளோரிடா பல்கலைக்கழகத்தில் காரணத்தை அவர்களிடமே கேட்டபோது, அந்த இசை தங்களை அமைதிப்படுத்துகிறது என்றார்கள். களைத்த மனம் தன் வேகத்துக்கு இசைந்த பாட்டைக் கேட்கிறது. இதுவரை சரி.

சிக்கல் பாட்டோடு சேர்ந்து வரும் நினைவில் இருக்கிறது. யுட்டா யோர்மன் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. சோகமூட்டிய பிறகு, மகிழ்ச்சியான பழைய நினைவு ஒன்றை எண்ணிப்பார்க்கச் சொன்னார்கள். மனச்சோர்வு அனுபவமே இல்லாதவர்களுக்கு அது ஆறுதல் தந்தது. மனச்சோர்வில் இருந்தவர்களுக்குத் தரவில்லை. அவர்களுக்கு உதவியது, கவனத்தை வேறொன்றின்மேல் திருப்பியதுதான். எனக்கு இது நன்றாகவே விளங்குகிறது. நலமாக இருப்பவர் 'அன்றைக்கு எவ்வளவு நன்றாக இருந்தது' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். சோர்ந்தவர் 'இன்றைக்கு இப்படிக் கிடக்கிறேனே' என்று அடுத்த வரியையும் சேர்த்துக்கொள்கிறார். அந்த வானொலிக் காலையில் மண்ணெண்ணெய் வரிசையும் இருந்தது, வாசலில் வட்டிக்காரரும் நின்றார். இரவு இரண்டு மணிக்கு இயர்போன் அவர்களை அழைத்து வருவதில்லை.

நம் முன்னோர் துக்கத்தைப் பாட்டிலிருந்து விலக்கவில்லை. அதற்கு இடமும் ஆளும் கெடுவும் வைத்தார்கள். ஒப்பாரியை யாரும் தனியறையில் பாடுவதில்லை. பெண்கள் கூடி உட்கார்ந்து, தோளைக் கட்டிக்கொண்டு, ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தொடர்வார்கள். கருமாதி வந்தால் அதற்கு முடிவும் வந்துவிடும். தவக்காலத்தில் எங்கள் ஊர்க் கோயில்களில் சிலுவைப் பாதைப் பாடல்கள் நெஞ்சை உருக்கும். ஆனால் நிலைகள் பதினான்குதான். நாற்பது நாள் கழித்து ஈஸ்டர் வந்தே தீரும்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் அல்ஜீரியா வரை போய்வந்தவர். ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். மலர்வளையம் வைத்து, பிரெஞ்சு நாட்டுப்பண்ணும் நம் நாட்டுப்பண்ணும் ஒலிக்கும்போது அவர் கண்ணில் நீர் வழியும். "யாருக்காக தாத்தா?" என்று கேட்டேன். "கூடப் போனவனுங்க ஞாபகம் தம்பி" என்றார். பிறகு தம் வயதுக்காரர்களோடு கேலி பேசிக்கொண்டே காபி குடிக்கப் போய்விட்டார். அழ ஒரு நாள், கூட நிற்கச் சிலர், முடிந்த பின் ஒரு காபி. அவருடைய துக்கத்துக்கு வேலி இருந்தது.

இயர்போன் அந்த வேலியைப் பிடுங்கிவிட்டது. ஊரோடு கூடிக் கேட்க வேண்டிய துக்கத்தை ஒருவர் காதுக்குள் ஊற்றி, முடிவே இல்லாமல் அடுத்தது அடுத்தது என்று தள்ளிக்கொண்டே இருக்கிறது. பாட்டைத் தடை செய்வது சுவிஸ் படைத்தலைமை யோசித்த வழி. டீக்கடை, பேருந்து, பக்கத்து வீட்டு டிவி என்று எல்லா இடத்திலும் பாட்டு ஒலிக்கும் தமிழ்நாட்டுப் பக்கம் அது நடக்காது. வேலியைத் திரும்பப் போடுவதுதான் நடக்கிற காரியம்.

எனக்கு மருத்துவர் சொன்ன சோதனை எளிமையானது. "பாட்டு முடிஞ்சதும் எழுந்து முகம் கழுவ முடியுதா, இல்ல அப்படியே கிடக்கறீங்களா? அதைப் பாருங்க." அன்றிலிருந்து இரவுக் கேட்பை நிறுத்தினேன். அக்கா வீட்டுக்கு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், கூடத்தில் எல்லோரும் கேட்க அம்மாவின் பாட்டைப் போட்டேன். அக்கா அழுதாள். உடனே, "இந்தப் பாட்டுல சரணத்த அம்மா எப்பவும் தப்பாவே பாடுவாங்கடா" என்று அந்தத் தப்போடு பாடிக் காட்டினாள். எனக்கு அது மறந்தே போயிருந்தது. தனியாகக் கேட்டபோது என் நினைவில் அம்மா தப்பே செய்யாத ஒரு படமாக மாறிப்போயிருந்தாள். துணை இருந்தால் நினைவை இன்னொரு நினைவு திருத்துகிறது. இப்போது அந்தப் பாட்டு வந்தால் அம்மாவோடு அக்காவின் சிரிப்பும் வருகிறது. பழைய பாட்டில் புது நினைவும் ஒட்டும்.

துணைக்கு ஆள் இல்லாத நாளும் உண்டு. அன்றைக்குத் தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டு, எத்தனை பாட்டு என்று முன்னதாகவே முடிவு செய்துகொள்வேன். முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடப்பேன். மாலையில் வண்டி விடாத கடற்கரைச் சாலை இதற்கென்றே இருக்கிறது. ரொம்ப மோசமான நாளில், எந்த நினைவும் ஒட்டாத, மொழி தெரியாத பாட்டாகப் போட்டுக்கொள்வேன். கேட்பதைவிட வாய்விட்டுப் பாடுவது இன்னும் நல்லது. பாடுகிறவன் மூச்சு விட்டாக வேண்டும்.

பாரதி இந்த ஊரில் இருந்தபோது எழுதிய 'குயில் பாட்டு' முழுக்க ஒரு பாட்டின் மயக்கம். மாந்தோப்பு, காதல், பொறாமை, முற்பிறவி என்று எங்கெங்கோ போகிறது. கடைசியில் கவிஞன் கண்விழித்துப் பார்த்தால் தன் வீட்டில், சுவடிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் நடுவே பழம்பாயில் கிடக்கிறான். எந்தப் பாட்டும் நம்மை இப்படிப் பாயில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அது பாட்டின் விவகாரம் இல்லை, நோயின் விவகாரம்.

அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். 2015இல் புதுச்சேரியின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 43.2, நாட்டின் சராசரி 10.6. இந்த ஊரில் இதைப் பேசாமல் இருப்பது நாகரிகம் ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் ஜிப்மர் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே பாட்டை நிறுத்திப் பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.