கிணறும் கயிறும்

மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தவர்கள் நல்ல தண்ணீருக்குத் துன்புற்ற காலத்தில், ரூமா என்னும் கிணற்றின் நீரை விலை கொடுத்தே பெற வேண்டியிருந்தது. உஸ்மான் (ரலி) அவர்கள் அக்கிணற்றை வாங்கி எல்லார்க்கும் பொதுவாக்கினார்கள். பொருளுடையார் மட்டுமே பருகலாம் என்னும் நிலை அன்றோடு ஒழிந்தது.

இன்று இணையமும் அத்தகையதொரு கிணறாகிவிட்டது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் பள்ளிகள் அடைபட்டபோது பாடங்கள் இணையத்தின் வழியே வந்தன. இணைப்பில்லா வீட்டுப் பிள்ளைகள் பலருக்குப் பள்ளியே இல்லாமற்போயிற்று. அதற்குச் சற்று முன், 2017-18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரங்களில் நூற்றுக்கு 42 வீடுகளில் இணைய வசதி இருந்தது. கிராமங்களிலோ ஏறத்தாழ 15 வீடுகளில்தான்.

அரசு வாளாவிருந்தது என்று கூற மாட்டோம். ஊராட்சிதோறும் ஒளியிழை வடம் கொண்டு செல்லும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011இலேயே ஒப்புதல் அளித்தது. ஆயினும், ஊராட்சி அலுவலகம் வரை வந்த வடம் குடிசைக்குள் தானே நுழைவதில்லை. கருவி வாங்கப் பணமும், மாதந்தோறும் கட்டணமும், கையாளும் அறிவும் வேண்டும். கிணறு வெட்டியாயிற்று, கயிறும் வாளியும் எங்கே? 2023இல் தன் இணையத் திட்டத்தைத் தொடங்கிய கேரள அரசு, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு வழங்குவதைக் குறிக்கோளாகக் கொண்டது. இலக்கை எட்டுவது எளிதன்று. எனினும், ஏழையின் வீட்டைக் கணக்கில் கொண்ட நோக்கம் செம்மையானது.

வீட்டுக்குள்ளும் ஒரு கதவு உண்டு. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57 பேர். பெண்கள் 33 பேரே. இக்கதவை அடைத்தது அரசன்று, நாமே. கல்லூரி விடுதியில் மாணவியர் கைப்பேசி பயன்படுத்துவதற்கு இருந்த தடையை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வியுரிமையின் பகுதியே எனக் கேரள உயர்நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. கல்வி இருபாலார்க்கும் கடமையென மேடைதோறும் முழங்கும் நாம், இதனை நீதிமன்றம் சொல்லித்தானா அறிய வேண்டும்?

இணையத்தில் தீமையும் உண்டென்பர். உண்மையே. பிள்ளை விழுந்துவிடும் என்றஞ்சிக் கிணற்றைத் தூர்ப்பாருண்டோ? கைப்பிடிச்சுவர் எழுப்புவோம், நீரை மறுக்க வேண்டாம்.

நம் மஹல்லாவில் இணைப்பில்லா வீடுகள் எத்தனை? இணைப்பிருந்தும் பெண்மக்களுக்கு எட்டாத வீடுகள் எத்தனை? முதற்கணக்கை ஜமாஅத்தார் எடுக்கட்டும். இரண்டாவதை அவரவர் இல்லத்தில் நாமே எடுப்போம்.