கபாலிகனின் மண்டையோடு

திருநீறு பூசியவனைக் குடிகாரனாக மேடையேற்றினால் சிரிக்கலாமா? வளவனூரில் எங்கள் தேவாரக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வடமொழியில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற நகைச்சுவை நாடகத்தின் கதையை அன்று சொல்லியிருந்தேன். தாராளமாகச் சிரிக்கலாம் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சிபுரம். சத்தியசோமன் என்ற கபாலிகன் (மண்டையோடு ஏந்தும் சைவத் துறவி), துணைவி தேவசோமையோடு போதையில் அலைகிறான். பிச்சையேற்கும் மண்டையோட்டைக் காணோம். வறுத்த இறைச்சி இருந்த ஓடு; நாயோ புத்த பிட்சுவோதான் எடுத்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, வழியில் வந்த நாகசேனரைப் பிடித்துக்கொள்கிறான். அவரோ, இத்தனை வசதி கொடுத்த புத்தர் கள்ளையும் பெண்ணையும் மட்டும் விலக்கியிருப்பாரா, கிழட்டுத் துறவிகள்தான் அவற்றை அனுமதித்த ஏட்டை மறைத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு வருகிறவர். நியாயம் சொல்ல வந்த பாசுபதச் சைவருக்குத் தேவசோமை மேல் கண். வழக்குமன்றம் போகலாம் என்றால் அவள் தயங்குகிறாள்: விகாரத்துப் பணத்தால் அதிகாரிகள் வாயைப் பிட்சு அடைத்துவிடுவார், நம்மிடம் என்ன இருக்கிறது? கடைசியில் பார்த்தால், ஓட்டைத் தூக்கிப்போனது நாய். அதனிடமிருந்து பிடுங்கியவன் ஒரு பைத்தியக்காரன்.

ஓடு தொலைந்தால் கபாலிகனுக்கு விரதமே போயிற்று. அந்தத் தவிப்பை மகேந்திரன் கொச்சைப்படுத்தவே இல்லை. ஓட்டை அவன் கையில் சேர்க்கிறான், பிட்சுவிடம் பொறுத்தருளச் சொல்ல வைக்கிறான், அவரும் கசப்பில்லாமல் விடைபெறுகிறார். யாருக்கும் தண்டனை இல்லை, யாரும் மதம் மாறவும் இல்லை. நாளைக்கும் இவர்கள் இதே தெருவில் எதிர்ப்படுவார்கள் என்று நினைக்கிறவன்தான் இப்படி முடிப்பான்.

மகேந்திரன் நம்பிக்கையற்றவனும் அல்ல. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் பக்கம் மண்டகப்பட்டில் அவன் குடைவித்த கோயிலைப் பாருங்கள். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரமனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் (அவன் பட்டப்பெயர்) எடுத்தது என்கிறது கல்வெட்டு. அந்தத் தூண்களைத் தடவிப் பார்த்தவன் நான். சாமியை இளப்பமாக நினைத்தவன் பாறையோடு இப்படி மல்லுக்கட்டமாட்டான்.

எங்கள் பக்கத்துத் திரௌபதியம்மன் கூத்திலும் இதேதான். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் துரியோதனனையும் விடமாட்டான், தருமரையும் விடமாட்டான். துகிலுரியும் கட்டம் வந்ததும் சூடம் ஏற்றுவார்கள். அதுவரை சிரித்த வாயெல்லாம் ‘கோவிந்தா’ என்று அலறும். சிரித்ததால் பக்தி குறைந்தவரை அங்கே நான் பார்த்ததில்லை.

கேரளத்தில் சாக்கியர் என்னும் கூத்தர்கள் மத்தவிலாசத்தைக் கோயில்களிலேயே, பிள்ளைவரம் கேட்போரின் நேர்த்திக்கடனாக ஆடிவருகிறார்கள். பல்லவன் மண்ணில், நம் ஊர்த் திருவிழா ஒன்றில் அதைத் தமிழில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. சத்தியசோமன் வேஷம் கட்ட நம் கட்டியங்காரர்களே போதும்.