குடிக்காதவள் சொல்லும் தீர்ப்பு

"குடிச்சுப் பாக்காம சாராயத்தப் பத்தி நீ என்னா சொல்றது?" குடிக்கிற ஆண்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன கேள்வி இது. ஆனால் கேட்பவர்கள் நினைப்பதைவிட நல்ல கேள்வி. ஒன்றைச் சுவைத்தவருக்குத்தான் அதை மதிப்பிடும் உரிமை உண்டா?

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் நான் பேசிக்கொண்டிருந்த ஆயா ஒருவர் சாராயத்தை வாயில் வைத்ததே இல்லை. ஆனால் அவர் வீட்டில் ஊறல் போட்ட காலத்தில், சரக்கு தேறியதா என்று சொன்னவர் அவர்தான். வெல்லமும் வேலம்பட்டையும் ஊறும் பானையில் காதை வைத்துக் கேட்பாராம். நுரைக்கிற சத்தம் அடங்கினால் பதம். காய்ச்சி இறக்கியதில் துணித்திரியை நனைத்துப் பற்றவைப்பார். நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு. எரியாவிட்டால் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது. "கண்ணும் மூக்கும் போதும் கண்ணு, நாக்கு எதுக்கு?" என்றார். ஒருநாளும் ஆசை வந்ததில்லையா என்றேன். "வந்துச்சு. யாரு குடுப்பா?"

அமெரிக்கப் போர்பன் பாட்டில்களில் அச்சிடும் 'புரூஃப்' என்ற சொல்லுக்கும் இப்படியொரு தீச்சோதனைக் கதை உண்டு: இங்கிலாந்தில் வெடிமருந்தைச் சாராயத்தில் நனைத்துக் கொளுத்திப் பார்த்தார்களாம். இன்றைய அமெரிக்கக் கணக்கில் 100 புரூஃப் என்றால் 50 சதவீத ஆல்கஹால். 120ஐத் தாண்டிய போர்பனைச் சுவைத்துப் பார்த்து, வெண்ணிலா மணம், கருகிய ஓக் மர மணம் என்று எழுதுகிறவர்களுக்கு நிபுணர் என்று பெயர். ஆயாவுக்குக் கிடைத்திருக்கக்கூடியது வழக்கு. (கள்ளச்சாராயத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அறிவு யாரிடம் இருந்தால் அறிவாகிறது என்றுதான் கேட்கிறேன்.)

அந்த நிபுணர்களே ஒத்துக்கொள்ளும் விஷயம் ஒன்று: தொண்டையில் எரிவது சுவை அல்ல. மிளகாயின் காரத்தை உணர்கிற அதே நரம்பு ஏற்பிதான் ஆல்கஹாலுக்கும் பதில் சொல்கிறது. அது வலி. வலி சுவையை மறைத்துவிடாமல் இருக்கத்தான் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கிறார்கள். நம் ஊரிலோ 'ராவா அடிப்பான்' என்பது ஆண்மைக்குச் சான்றிதழ். தாங்குவதை மதிப்பிடுவதாக நினைத்துக்கொள்கிறோம். பெண்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. பொறுமைசாலி என்று நமக்கும் பட்டம் கொடுப்பார்கள். எதைப் பொறுத்தோம் என்று சொல்லத் தொடங்கினால் பட்டம் பறிபோகும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் குடித்தவர்களில் பலர் பழகிய நாக்கு உள்ளவர்கள். 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனாலை நாக்கு காட்டிக்கொடுப்பதில்லை. அதுவும் நீலமாகத்தான் எரியும். ஆயாவின் திரியும் அங்கே ஏமாந்திருக்கும். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கிய பிறகுதான் தெரியவருகிறது. உயிர் போகிற இடத்தில், குடித்துப் பார்த்த அனுபவம் ஒரு சாட்சியாகக்கூட நிற்கவில்லை.

இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அந்த வாரம் ஒரு டீக்கடையில் என் காதில் விழுந்தது: "பொம்பளையுமா குடிச்சா?" அந்தக் குரலில் துக்கம் இல்லை. குடிக்காத பெண்ணுக்கு அனுபவம் இல்லை, குடித்த பெண்ணுக்கு யோக்கியதை இல்லை. அப்படியானால் சுவைத்தாயா என்ற கேள்வி சுவையைப் பற்றியதே அல்ல. இரண்டு தீர்ப்புகளை வேண்டுமென்றே ஒன்றாகக் குழப்புகிறது அது. வெண்ணிலா மணக்கிறதா என்று சொல்ல நாக்கு வேண்டும். சம்பளநாள் இரவில் அது வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டாம். இரண்டாவதை அறிந்தவளிடம் முதலாவதற்கான தகுதியைக் கேட்பது அவள் வாயை அடைக்கிற வேலை.

1992இல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில், அறிவொளி வகுப்பில் எழுதப் படிக்கத் தொடங்கிய பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். போராட்டம் மாவட்டமெங்கும் பரவி, சாராய ஏலங்களை நடக்கவிடாமல் செய்தது. 1993இல் ஆந்திர அரசு சாராய விற்பனைக்குத் தடை விதித்தது. சீமைச் சரக்குக் கடைகள் அப்போதும் திறந்தே இருந்தன.