கூலி பெறாத தொண்டரைக் கடிதல் தகுமோ

கூலி பெற்று வேலைசெய்பவன் தவறினால் அவனைக் கேட்டற்கு நமக்கு உரிமையுண்டு. கூலி வேண்டாது அன்பினாலே வந்தவன் தவறினால் யாது உரிமைகொண்டு கேட்பது? சிரமதானத்துக்கு மாணவரையும் ஊரிளைஞரையும் திரட்டும் ஆசிரியர் எவரும் என்றாயினும் ஒருநாள் இவ்வினாவை எதிர்ப்படுவர்.

சில ஆண்டுகளுக்குமுன் நமது ஊர்க் கோயிற்கேணியைத் தூர்வாரத் தொடங்கினோம். முதனாள் நாற்பதின்மர் வந்தனர். மூன்றாம்நாள் பதினொருவரே வந்தனர். இக்காலத்து இளைஞருக்கு ஊக்கமில்லை என்று எளிதிலே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். பின்பு கணக்குப் பார்த்தபோது நாணினோம். நாற்பதின்மருக்கு இருந்த மண்வெட்டி ஒன்பது, கடகம் பன்னிரண்டு. ஏனையோர் கரையிலே வெறுங்கையராய் நின்றனர். திரும்பி வாராதொழிந்தவர் பெரும்பாலும் அவர்களே. சேற்றில் இறங்கி முதுகு நொந்தவர் மறுநாளும் வந்தனர். களைப்பினால் விலகுந் தொண்டர் சிலர். தாம் அங்கே வேண்டப்படாதவர் என்று கண்டு விலகுவோரே பலர்.

நாமோ அம்மூன்று நாளும் வேம்பின் நிழலிலே நாற்காலியிலிருந்து பெயர் பதிந்துகொண்டிருந்தோம். நாம் படித்த மிஷன் பாடசாலையின் தலைமையாசிரியர் சனிக்கிழமைதோறும் தாமே விளக்குமாறெடுத்து முற்றம் பெருக்கக் கண்டோம். திருநாவுக்கரசு சுவாமிகளை உழவாரப்படை தாங்கிய கோலத்திலேயே கோயிலில் வணங்கி வருகின்றோம். ஆயினும் நாற்காலியை விட்டெழ நமக்கு மூன்றுநாட் சென்றன! 1958ஆம் ஆண்டிலே கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்தின அவர்கள், சாதியின் பெயராற் புறந்தள்ளப்பட்ட மக்கள் வாழ்ந்த கனத்தொலுவ என்னுங் குருநாகற் கிராமத்துக்கு மாணவரோடு சென்றார். அவர் ஏவி அனுப்பினவரல்லர். உடன்சென்று, அம்மக்களிடையே தங்கி, அவர்களோடு சேர்ந்து உழைத்தவர். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்தே வளர்ந்தது.

நான்காம்நாள் அயலிலே மண்வெட்டி இரவல் வாங்கினோம், நாமும் இறங்கினோம். இன்ன கூட்டத்தார் இன்ன படிகளைத் துலக்குக என்று வரையறுத்தோம். நீரிறைக்கும் இயந்திரம் ஓரிளைஞன் பொறுப்பாயிற்று. மறுநாட் காலை ஆறுமணிக்கு வருவேன் என்றவன் ஒன்பது மணிக்கு வந்தான். பதினால்வர் அதுவரையுங் கரையிலே காத்திருந்தனர். உடனாசிரியரொருவர் நமது காதிலே, “சம்பளமின்றி வருகிற பிள்ளை, ஒன்றுஞ் சொல்லவேண்டாம், ஐயா” என்றார்.

அக்கருணை நமக்கு உடன்பாடன்று. நீ வாராமையால் ஒன்றுங் கெடவில்லை என்பது, நீ வந்தாலும் ஒன்றும் ஆவதில்லை என்பதேயாம். கூலி பெறாதவனுக்கு நாம் கொடுக்கத்தக்கது, அவன் செயலை மெய்ச்செயலாக மதித்தலொன்றே. கடியாது விடுவதால் அதனையும் அவனிடமிருந்து பறித்துவிடுகின்றோம். மேடையிலே இருவர் மூவருக்குப் பொன்னாடை போர்த்துவதும் இத்தகையதே. அது கூலி கொடுத்தலாகும். பெறாதவர் தாம் கூலியற்றவர் என்பதை அன்றுதான் உணர்கின்றனர்.

ஆயினும் பலர்முன் கடிதல் கொடுமை. அவனைக் கோயிலின் மேலைவீதிக்குத் தனியே அழைத்துச்சென்று, பதினால்வர் மூன்றுமணிநேரங் காத்திருந்ததைச் சொன்னோம். முதனாள் அத்தனைபேரை நாம் வெறுங்கையராய் நிறுத்திய பிழையையுஞ் சொன்னோம். அதனைச் சொல்லாதிருந்தால் அவனைக் கடிதற்கு நமக்கு வாயில்லை. வேறொன்றுஞ் சொன்னோமில்லை.

அதன்பின் இரண்டுநாள் அவன் வந்திலன். உடனாசிரியர் நம்மைப் பார்த்த பார்வையிலே பொருளிருந்தது, நாமும் ஐயுற்றோம். மூன்றாம்நாள் ஐந்தரைமணிக்கு நாம் கேணியடிக்குச் சென்றபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் நம்மோடு பேசவில்லை. பேசியது மாரியிற் கேணி நிரம்பிய பின்னரே.