தீமைக்குத் தனி உடம்பு உண்டா?

தீமை என்பது உலகில் தனிப்பொருளாய் நிற்கிறதா, அன்றி நன்மையே இடமும் காலமும் தவறித் தீமையாய் விளைகிறதா என்ற வினாவைத் தத்துவ சாஸ்திரங்கள் நெடுங்காலம் விசாரித்து வந்திருக்கின்றன. அதே வினாவை நம் உடம்பில் ஓடும் இரத்தமும் எழுப்புகிறது.

அரிவாள்மணையில் விரல் அறுபட்டவுடன், இரத்தத்தில் கரைந்து கண்ணுக்குப் புலப்படாது ஓடிக்கொண்டிருந்த ஃபைப்ரினோஜென் என்னும் புரதம், த்ராம்பின் என்ற நொதியின் செயலால் ஃபைப்ரின் இழைகளாய்த் திரிந்து, சிவப்பணுக்களை வளைத்துப் பிடித்துக் காயத்தின் வாயை அடைக்கிறது. அவ்விழைகளைப் பற்றிக்கொண்டே புதிய உயிரணுக்களும் நுண்குழாய்களும் வந்து சேருகின்றன. வேலை முடிந்ததும் பிளாஸ்மின் என்ற மற்றொரு புரதம் அவ்வலையைக் கரைத்துவிடுகிறது. பிறகு எஞ்சுவது மெல்லிய வடு ஒன்றே.

புற்றுக்கட்டியிலும் இதே ஃபைப்ரின்தான் இருக்கிறது. கட்டி சுரக்கும் பொருளால் அண்டையிலுள்ள குழாய்கள் கசிய, வெளிவந்த ஃபைப்ரினோஜென் அங்கும் உறைந்து, கட்டிக்கு வேண்டிய இரத்தக்குழாய்கள் படர்வதற்குத் தளம் அமைத்துக் கொடுக்கிறது. ஆனால் அங்கே வேலை முடிவதே இல்லை. அமெரிக்க நோயியல் அறிஞர் ஹெரால்ட் டுவோராக் 1986-இல் கட்டிகளை ஆறாத புண்கள் என்று வர்ணித்தது இதனால்தான். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் துரோகம் (துரோகம் என்று சொல்லலாமா என்பதே நம் வினா) இன்னும் நுட்பமானது. இரத்தத்தில் மிதந்து செல்லும் புற்றணுவைச் சூழ்ந்து மறைப்பதோடு, டி.ஜி.எஃப். பீட்டா என்ற புரதத்தைச் சொரிந்து, அதனைக் கொல்ல வரும் வெள்ளணுக்களை அவை சோர்வுறச் செய்கின்றன. அப்புரதமோ, ஆரோக்கியமான உடம்பில் அணுக்கள் வரம்பு மீறிப் பெருகாமலும், நம் காவற்படை நம்மையே தாக்காமலும் அடக்கி வைப்பது.

மறுபுறமும் உண்டு. பிளாஸ்மினோஜென் என்ற இரத்தப் புரதத்திலிருந்து பிரிந்த துண்டம் ஒன்று, மூலக்கட்டி இருக்கும்வரை, தொலைவில் பரவிய சிறுகட்டிகளுக்குக் குழாய் வளராதபடி தடுத்து வைப்பதை ஜூடா ஃபோக்மனின் பாஸ்டன் ஆய்வுக்கூடத்தார் எலிகளிடம் கண்டு 1994-இல் வெளியிட்டனர். மூலக்கட்டியை அறுத்தெடுத்தபின் அச்சிறுகட்டிகள் வளரலாயின!

உயிரைப் பற்றும் மாசுகளாகச் சைவ சித்தாந்திகள் எண்ணிய ஐந்து மலங்களுள் திரோதாயி என்பது உண்மையில் இறைவனது சக்தியே. ஏனைய மலங்களோடு உடன் நின்று அவற்றைத் தொழிற்படுத்துவதால் உபசாரமாக மலம் எனப்பட்டது. ஃபைப்ரினை நான் அந்த வரிசையில் வைப்பேன். ஆயினும் ஒப்புமை முழுதும் செல்லாது. திரோதாயிக்கு உயிரைப் பக்குவப்படுத்தும் நோக்கம் உண்டு, புரதத்துக்கோ நோக்கம் என்பதே கிடையாது. நோக்கமற்ற ஒன்றின்மேல் புண்ணிய பாவங்களை ஏற்றுவது தர்க்கத்துக்கு ஒவ்வாது.

இப்படிச் சொல்வதால் வினைக் கொள்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவனுடைய வினைக்கணக்கை எழுதும் அதிகாரத்தை எந்தச் சாஸ்திரமும் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்ததாக நான் அறியேன். புற்றுநோயாளியைப் பார்க்கச் செல்லும் அன்பர்கள் பழம் வாங்கிச் செல்லட்டும், கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்காரட்டும். முற்பிறவிப் பாவம் என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து அந்த அறைக்குள் கொண்டுபோக வேண்டாம்.