புல்வெளியில் யாருக்குப் பங்கு?

எல்லாருக்கும் பொதுவான பொருள் எவருக்கும் உரியதன்று என்று கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஊர்ப்புறத்துப் புல்வெளியை நாம் நடத்தும் விதமே இதற்குச் சான்று. வருவாய்க் கணக்கில் அது மேய்ச்சல் புறம்போக்கு. பேச்சிலோ ‘சும்மா கிடக்கும் நிலம்’.

உண்மையில் அது சும்மா கிடக்கிறதா? வானம்பாடி மரத்தில் கூடு கட்டுவதில்லை. புல்லடியில், தரையிலேயே முட்டையிடுகிறது. கௌதாரியும் ஆள்காட்டியும் அவ்வாறே. கொழுக்கட்டைப் புல்லும் தும்பையும் ஆவாரையும் மழை கண்டதும் தழைக்கின்றன. நல்லெண்ணத்துடன் அங்கே மரங்களை நெருக்கி நட்டாலும், வெயிலை நாடும் புல் நிழலில் நலியும், வானம்பாடி வீடிழக்கும். சீமைக் கருவேலம் மண்டிய இடங்களில் இதனைக் கண்கூடாகக் காணலாம்.

பொது மேய்ச்சல் நிலத்தை அவரவர் ஆதாயமே அழித்துவிடும் என்று காரெட் ஹார்டின் 1968இல் எழுதினார். மக்கள் தாமே விதி வகுத்துப் பொதுச் சொத்தைத் தலைமுறைகளாகக் காத்து வந்ததை எலினார் ஆஸ்ட்ரம் எடுத்துக்காட்டினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் பெற்றார்.

இவ்வழக்குக்கு நம் வரலாற்றில் தெளிவானதொரு தீர்ப்பு உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவை அடுத்த நகீஃ என்னும் புல்வெளியை ‘ஹிமா’வாக, அதாவது காக்கப்பட்ட நிலமாக ஒதுக்கினார்கள். பின்னர் கலீபா உமர் (ரலி) அவர்கள் ஹிமாவின் பொறுப்பாளரான ஹுனைய் என்பாருக்கு இட்ட கட்டளை புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடைய எளியோரை உள்ளே விட வேண்டும்; உஸ்மான் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விடலாகாது என்பது அதன் சாரம். அவ்விருவரும் மாண்புமிகு தோழர்களன்றோ! எனினும் கால்நடை மடிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந் தோட்டமும் பயிரும் உண்டு; எளியவனுக்கோ வேறு போக்கிடமில்லை.

போக்கிடம் இல்லாதவருக்கே முதற்பங்கு என்னும் இவ்வளவுகோல், மனிதரோடு நின்றுவிட வேண்டுமா? வணிக வளாகத்துக்கு வேறு இடம் கிடைக்கும், வானம்பாடிக்குக் கிடைக்காது.

வீடற்ற ஏழைக்கு மனை வேண்டாமா என்று வினவலாம். வேண்டும். கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 28.1.2011இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றமும் நிலமற்ற உழைப்பாளருக்கு விலக்கு அளிக்க இடம் தந்தது. ஆனால் ஏழையின் பெயரைச் சொல்லிப் புல்வெளியை வளைப்பவர் பெரும்பாலும் ஏழையராக இருப்பதில்லை.

பொது நிலம் நம் கையில் உள்ள அமானத். அதில் வாயற்ற உயிர்களின் ஹக்கும் அடங்கியிருப்பதை மறவாதிருப்போமாக!