உவர்ப்பின்மை



நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவது உவர்ப்பின்மை. வடமொழியாளர் நிர்விசிகித்சை என்பர். உடல் இயல்பிலேயே தூய்மையற்றது. மும்மணிகளாலேயே தூய்மை எய்துவது. ஆதலின் அதனை அருவருக்காது குணத்தின்பால் அன்பு கொள்ளுதலே இவ்வுறுப்பு என்று இரத்தினகரண்டக சிராவகாசாரம் விளக்குகிறது. அந்நூலை அருளிய சமந்தபத்திர ஆசாரியரே பஸ்மக நோயால் வருந்தியவர் என்பது மரபு.

பிறர் முகத்தில் நோயை ஓரளவு கண்டறியும் ஆற்றல் நமக்கு உண்டு. 2018இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், நலமுள்ள 16 பேருக்குப் பாக்டீரியாவின் ஒரு கூற்றை ஊசி வழியே செலுத்தி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நிழற்படம் எடுத்தனர். வெளிறிய உதடு, தொங்கும் இமை, தளர்ந்த வாயோரம் ஆகியவற்றைக் கண்டு, முன்பின் அறியாதோரும் நோயுற்றவரை ஓரளவு இனங்கண்டனர். எனவே கண்டதும் உடல் பின்வாங்குவது இயல்பே. தொற்றுநோயாளரிடம் முகக்கவசம் அணிந்து செல்வதும், கை கழுவுவதும் உவர்ப்பு ஆகா. நம்மால் பிற உயிர்க்கு நோய் பரவாமல் காப்பதும் அகிம்சையே. பின்வாங்கிய பிறகு மனம் என்ன செய்கிறது என்பதே வினா.

உத்தாயண மன்னன் வரலாற்றை நினைமின். அவனது உவர்ப்பின்மையை இந்திரன் தேவர் அவையில் புகழ, வாசவன் என்னும் தேவன் சோதிக்க எண்ணித் தொழுநோயுற்ற முனிவராய் வந்தான். மன்னன் எதிர்கொண்டு வணங்கி ஆகாரம் அளித்தான். அனைத்தையும் உண்ட முனிவர் அங்கேயே வாந்தி எடுத்தார். நாற்றம் பொறாது பணியாளர் ஓடினர். மன்னனும் பிரபாவதி தேவியும் மட்டுமே நின்றனர். தேவியின் மீதே மீண்டும் வாந்தி எடுத்தார். அப்போது மன்னன் முனிவரை நோகவில்லை. ஒவ்வாத உணவை அளித்துவிட்டேனே என்று தன்னையே நொந்து, தன் கையால் அவர் மேனியைக் கழுவினான். ஓடிய பணியாளர் கொடியவர் அல்லர், நம்மைப் போன்றவர். அதனாலேயே இக்கதை நம்மைச் சுடுகிறது.

இன்று தொழுநோய்க்குக் கூட்டு மருந்து உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே பரவுதல் நின்றுவிடும். ஆயினும் மடங்கிய விரலும் மாறிய முகமும் குணமான பின்னும் மாறாதிருக்கலாம். நோய் நீங்கியிருக்க, நம் கண் மட்டும் நோயைக் காண்கிறது. வெண்புள்ளியோ தொற்றுவதே இல்லை. ஆனாலும் அப்பெண்ணைப் பந்தியில் பரிமாற அழைக்கத் தயங்குவோர் நம் வீடுகளிலும் உண்டு. தொழுநோயைக் காட்டி மணமுறிவு கோரும் விதி நம் நாட்டுச் சட்டத்திலிருந்து நீங்கியதே 2019இல்தான். உத்தாயணன் கதையை நாமோ தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறோம்.